கேள்வி – பதில்: இதய மாத்திரை எலும்பை வளர்க்குமா?

சென்ற இதழில் எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோயான எலும்புப்புரை பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, இதய நோய்க்காகச் சாப்பிடும் மாத்திரைகள் எலும்பை என்ன செய்கின்றன என்று கேட்டிருந்தன. ஒன்றுபோல இருந்தவற்றை இணைத்து ஆறு கேள்விகளாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். முதல் பதில் நீண்டுவிட்டது. மற்றவற்றுக்கு அதுவே அடிப்படை என்பதால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 64. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று முதல், ரத்தக்கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான அடோர்வாஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். அண்மையில் எடுத்த டெக்ஸா ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். ஸ்டாட்டின் மாத்திரை எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களைத் தூண்டி எலும்பை வளர்க்கும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அதே செல்களை அது அழித்துவிடும் என்கிறது இன்னொரு கட்டுரை. நான் எதை நம்புவது?

பதில்: அம்மா, இரண்டு கட்டுரைகளும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்க்கும் தட்டில் கண்டதைத்தான் சொல்கின்றன. மாத்திரையை விழுங்கிய ஒருவரின் எலும்புக்குள் என்ன நடக்கிறது என்பது வேறு கேள்வி.

முதலில் அந்தச் செல்களைத் தெரிந்துகொள்வோம். எலும்பு மஜ்ஜை என்றதும் ரத்தம் உற்பத்தியாகும் இடம் என்றுதான் பலருக்கும் நினைவு வரும். அங்கே ரத்தத்துக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு வகைச் செல்களும் சிறிய எண்ணிக்கையில் உண்டு. 1960களில் மாஸ்கோவில் ஆய்வு செய்த அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஷ்டைன், மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை விலங்கின் உடலில் வேறொரு இடத்தில் வைத்தபோது அங்கே புது எலும்பு உருவானதைக் காட்டினார். 1991இல் அமெரிக்க ஆய்வாளர் அர்னால்ட் கேப்லன் இவற்றுக்கு 'மெசன்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் வைத்தார். (அந்தப் பெயர் மிகையான எதிர்பார்ப்புகளை வளர்த்துவிட்டது என்று கருதி, அதை மாற்ற வேண்டும் என்று பின்னாளில் அவரே எழுதினார்.) இந்தச் செல் எலும்பை உருவாக்கும் ஆஸ்டியோபிளாஸ்ட்டாகவும் மாறலாம், கொழுப்புச் செல்லாகவும் மாறலாம், குருத்தெலும்புச் செல்லாகவும் மாறலாம். ரன்எக்ஸ்-2 என்ற புரதம் ஓங்கினால் எலும்பின் பக்கம் போகும். பிபிஏஆர்-காமா என்ற புரதம் ஓங்கினால் கொழுப்பின் பக்கம் சாயும். வயது ஏற ஏற மஜ்ஜையில் கொழுப்பு மிகுந்து எலும்பு மெலிவதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம்.

ஸ்டாட்டின் இந்தக் கதைக்குள் நுழைந்தது 1999இல். எலும்பை வளர்க்கும் பொருள் எதுவும் கிடைக்குமா என்று 30,000க்கும் மேற்பட்ட சேர்மங்களை ஓர் அமெரிக்கக் குழு சலித்துப் பார்த்தது. பிஎம்பி-2 என்ற புரதத்தின் மரபணுவை எது தூண்டுகிறது என்பதே அவர்களுடைய சோதனை. பிஎம்பி-2, மேலே சொன்ன ஸ்டெம் செல்லை எலும்பாகும்படி ஏவுகிற புரதம். சலித்ததில் தேறியது லோவாஸ்டாட்டின். அது 1987 முதல் அமெரிக்காவில் ரத்தக்கொழுப்பைக் குறைக்க விற்பனையில் இருந்த மருந்து. சுண்டெலிகளின் மண்டையோட்டின் மேல் தோலுக்கடியில் அதைச் செலுத்தியபோது எலும்பு தடித்தது. லட்சக்கணக்கானோர் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மாத்திரை எலும்பையும் காக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அது செயல்படும் விதத்தையும் ஓரளவு அறிந்திருக்கிறோம். கல்லீரல் கொழுப்பைத் தயாரிக்கும் நீண்ட வேதிப்பாதையின் தொடக்கத்திலேயே ஸ்டாட்டின் ஒரு நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. அந்தப் பாதையில் கொலஸ்டிராலைத் தவிர வேறு சில சிறு மூலக்கூறுகளும் பிறக்கின்றன. செல்லுக்குள் இருக்கும் ரோ முதலான சில புரதங்கள் சவ்வில் ஒட்டிக்கொண்டு வேலை செய்வதற்கு அந்த மூலக்கூறுகள் வால்போல ஒட்ட வேண்டும். வால் கிடைக்காமல் ரோ ஓய்ந்துவிட்டால் பிஎம்பி-2 கூடுகிறது. தட்டில் மெவலோனேட் என்ற பொருளைச் சேர்த்து, தடைபட்ட பாதையைத் திறந்துவிட்டால் ஸ்டாட்டினின் விளைவு மறைந்துவிடுகிறது. ஆகவே இந்த விளக்கத்தை நம்பலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், இன்னும் எந்தப் பக்கமும் போகாத ஸ்டெம் செல்லை எலும்பாக மாறச் செய்வதற்கு அதே ரோ புரதம் சுறுசுறுப்பாக இருப்பது தேவை என்று கண்டார்கள். தட்டில் பரந்து விரிந்து இழுவிசையோடு இருக்கும் செல் எலும்பின் பக்கம் போயிற்று. உருண்டு சுருங்கி இருந்த செல் கொழுப்பின் பக்கம் போயிற்று. ரோவை அடக்கியபோது கொழுப்பே வென்றது. ஆக, ஒரே புரதத்தை அடக்குவது ஒரு பருவத்தில் எலும்புக்கு உதவியாகவும் இன்னொரு பருவத்தில் இடையூறாகவும் அமைகிறது. அளவும் அப்படித்தான். சிறிய அளவில் எலும்பாக்கத்தைத் தூண்டும் ஸ்டாட்டின், அளவு கூடினால் அதே ஸ்டெம் செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. மேலும் கூடினால் அவற்றைச் சாகடிக்கிறது. நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளும் முரண்பட்டது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் உடலுக்கு வருவோம். தட்டில் ஊற்றப்படும் ஸ்டாட்டினின் செறிவு, மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தத்தில் இருப்பதைப்போலப் பெரும்பாலும் நூறு மடங்கோ அதற்கும் மேலோ இருக்கும். ஸ்டாட்டின் வேலை செய்ய வேண்டிய இடம் கல்லீரல். குடலிலிருந்து வரும் மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரலே பிடித்து வைத்துக்கொள்கிறது. சிம்வாஸ்டாட்டினை எடுத்துக்கொண்டால், விழுங்கிய அளவில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட உடலின் பொது ரத்த ஓட்டத்தை எட்டுவதில்லை. இதய நோயாளிக்கு இது நல்லது. எலும்பு மஜ்ஜையில் எதையாவது சாதிக்க வேண்டும் என்று பார்த்தால், மருந்து அங்கே போய்ச் சேருவதே இல்லை எனலாம்.

இதற்கு ஓர் அழகான எதிர்ச்சான்று உண்டு. எலும்புப்புரைக்குத் தரப்படும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஸ்டாட்டின் தடுக்கும் அதே வேதிப்பாதையில் சில படிகள் தள்ளி இன்னொரு நொதியைத் தடுக்கிறது. விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்குகூட உடலில் சேர்வதில்லை. ஆனால் சேர்ந்ததில் ஏறக்குறைய பாதி நேரே எலும்பின் தாதுப்பொருளில் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கே எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அதை உட்கொண்டு முடங்குகின்றன. பாதை ஒன்றாக இருந்தும் ஒன்று கல்லீரலுக்கும் மற்றது எலும்புக்கும் போவதால் ஒன்று இதய மருந்தாகவும் மற்றது எலும்பு மருந்தாகவும் ஆகிவிட்டன.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. 2000ஆம் ஆண்டு வாக்கில், ஸ்டாட்டின் சாப்பிடுவோருக்கு இடுப்பெலும்பு முறிவு குறைவு என்று பழைய மருத்துவப் பதிவேடுகளை அலசிய சிலர் எழுதினார்கள். ஆனால் பதிவேடு காட்டும் ஒற்றுமையை மருந்தின் விளைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொழுப்பு மிகுந்தவர்களில் பலர் உடல் எடையும் மிகுந்தவர்கள். எடை கூடியவர்களின் எலும்பு இயல்பாகவே அடர்த்தியாக இருக்கும். மருத்துவரிடம் தவறாமல் போய் மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறவர்கள் மற்ற வகைகளிலும் உடலைப் பேணுகிறவர்களாக இருப்பார்கள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் குலுக்கல் முறையில் ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் தந்து பார்க்கிறோம். 2007இல் வெளியான அத்தகைய ஓர் ஆய்வில் மாதவிடாய் நின்ற 626 பெண்களுக்கு ஓராண்டு அடோர்வாஸ்டாட்டினோ வெற்று மாத்திரையோ தரப்பட்டது. மருந்தை 80 மில்லிகிராம் வரை உயர்த்தியும் எலும்பின் அடர்த்தியில் மாற்றம் இல்லை. ஜூபிடர் என்ற பெரிய ஆய்வில் கலந்துகொண்ட 17,802 பேரின் எலும்பு முறிவுக் கணக்கு 2015இல் வெளியாயிற்று. ரோசுவாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 221 பேருக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 210 பேருக்கும் எலும்பு முறிந்திருந்தது. அந்த வேறுபாடு தற்செயலாக வரக்கூடியதே.

ஆகவே, உங்கள் எலும்பு மெலிந்ததற்கு ஸ்டாட்டினைக் குறை சொல்ல இடமில்லை. அது எலும்பைக் காக்கும் என்று இருந்துவிடவும் முடியாது. ஸ்டென்ட் வைத்தவர் ஸ்டாட்டினைத் தானாக நிறுத்துவது ஆபத்து. மாத்திரையைத் தொடருங்கள், எலும்புக்கு வேண்டிய மருத்துவத்தைத் தனியாகக் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: படபடப்புக்காகப் பல ஆண்டுகளாக பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறேன். அது எலும்பை வலுவாக்கும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்துக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு?

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் ஸ்டாட்டின் விஷயத்தைவிடச் சற்று அதிகமாகவே பொருள் இருக்கிறது.

இதயத்தை விரட்டும் பரிவு நரம்புகள் எலும்புக்குள்ளும் ஓடுகின்றன. மஜ்ஜையின் ஸ்டெம் செல்களிலும் ஆஸ்டியோபிளாஸ்ட்களிலும் அந்த நரம்பின் செய்தியை வாங்கும் பீட்டா ஏற்பிகள் உள்ளன. 2002இல் ஜெரார்ட் கார்சென்டியின் குழு, சுண்டெலிகளில் இந்த நரம்புச் செய்தி எலும்பாக்கத்தைக் குறைக்கிறது என்றும், ப்ரொப்ரானலால் என்ற பீட்டா பிளாக்கரைக் கொடுத்து அதை மறித்தால் எலும்பு கூடுகிறது என்றும் காட்டியது. ப்ரொப்ரானலால் என்பது, அதைக் கண்டறிந்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைப்பதற்குக் காரணமான மருந்துகளில் ஒன்று, நெஞ்சுவலிக்காக உருவானது. அது எலும்புக்குள்ளும் ஒரு கதவைத் தட்டும் என்று அந்நாளில் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

எலியில் கண்டது பீட்டா-2 என்ற ஏற்பியின் வேலை. மனிதரிடம் கதை கொஞ்சம் திரும்பிற்று. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் மாதவிடாய் நின்ற 155 பெண்களைப் பிரித்து, 20 வாரங்களுக்குச் சிலருக்கு ப்ரொப்ரானலாலும், சிலருக்கு அடெனலாலும், சிலருக்கு நெபிவலாலும், சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். எலும்பு அரிபடுவதைக் காட்டும் ரத்தக் குறியீடு, பீட்டா-1 ஏற்பியை மட்டும் குறிவைக்கும் அடெனலால், நெபிவலால் குழுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு ஏற்பிகளையும் மறிக்கும் ப்ரொப்ரானலால் அந்த அளவுக்குப் பயன் தரவில்லை. எலியின் எலும்பில் தலைமை தாங்கிய ஏற்பி மனிதரின் எலும்பில் அப்படித் தாங்கவில்லை என்பது, எலி ஆய்வு ஒன்றைப் படித்ததும் மாத்திரை வாங்கக் கிளம்புகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

குறியீடு குறைவது வேறு, எலும்பு முறியாமல் இருப்பது வேறு. 20 வாரத்தில் இரண்டாவதை அளக்க முடியாது. ஆகவே எலும்புக்காக மட்டும் இந்த மாத்திரையை எழுதித் தரும் நிலை இன்னும் வரவில்லை. நீங்கள் படபடப்புக்காக ஏற்கெனவே சாப்பிடுவதால், அது உங்கள் எலும்புக்குத் தீங்கு செய்யவில்லை என்ற அளவில் மனநிறைவு கொள்ளலாம். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். முதுமையில் எலும்பு முறிவது பெரும்பாலும் கீழே விழுவதால்தான். எலும்பின் அடர்த்தியை அளக்கும் நாம் அதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

கேள்வி: நான் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி. மருந்து கலந்த தட்டில் ஸ்டெம் செல் எலும்பாக மாறிவிட்டது என்று எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி, செய்தித்தாள்கள் இதைக் கேட்பதில்லை. மஜ்ஜைச் செல்களை ஒரு கலவைத் திரவத்தில் மூன்று வாரம் போல வளர்ப்பார்கள். அதில் கொலாஜன் உருவாவதற்காக வைட்டமின் சி, பாஸ்பேட் கிடைப்பதற்காக பீட்டா கிளிசரோபாஸ்பேட், செல்லை எலும்பின் பக்கம் திருப்புவதற்காக டெக்சாமெத்தசோன் ஆகிய மூன்றும் இருக்கும். முதல் சில நாட்களில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி கூடுகிறதா என்று அளப்பார்கள். முடிவில் அலிசரின் சிவப்புச் சாயத்தை ஊற்றுவார்கள். கால்சியம் படிந்திருந்தால் அந்த இடம் சிவக்கும். மருந்து கலந்த தட்டு கலக்காத தட்டைவிட அதிகம் சிவந்தால், மருந்து எலும்பாக்கத்தைத் தூண்டுகிறது என்று எழுதுவார்கள்.

இதில் இரண்டு இடங்களில் நான் எப்போதும் சற்று நின்று பார்ப்பேன். டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. மனிதருக்கு நீண்ட நாள் கொடுத்தால் எலும்பை அரித்து முறியச் செய்யும் மருந்து. அதையே தட்டில் எலும்பை வளர்ப்பதற்காக ஊற்றுகிறோம்! தட்டின் விதி உடலின் விதியாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது, செல்கள் செத்துக்கொண்டிருந்தாலும் அவற்றைச் சுற்றிக் கால்சியம் படியும். பாஸ்பேட் அதிகமானால் தானாகவும் படியும். அப்போதும் சாயம் சிவந்துதான் தெரியும். அதனால், எத்தனை செல்கள் உயிரோடு இருக்கின்றன, ரன்எக்ஸ்-2, ஆஸ்டியோகால்சின் போன்ற எலும்பாக்க மரபணுக்கள் விழித்திருக்கின்றனவா என்பதையும் சேர்த்துக் காட்டாத ஆய்வை அரைகுறையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உறுதியான சோதனை இன்றும் ஃப்ரீடன்ஷ்டைன் செய்ததுதான். உயிருள்ள உடலில் வைத்து, ரத்தக்குழாயும் மஜ்ஜையும் கொண்ட எலும்பு உருவாகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: இதய வால்வு மாற்றியதால் என் தந்தைக்கு வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். அது எலும்பைக் கெடுக்கும் என்கிறார்களே?

பதில்: வார்ஃபரின் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பதன் மூலம் ரத்தம் உறையாமல் காக்கிறது. ஆஸ்டியோபிளாஸ்ட்கள் சுரக்கும் ஆஸ்டியோகால்சின் புரதம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் அதே வைட்டமின்தான் வேண்டும். கோட்பாட்டளவில் கவலைக்கு இடமுண்டு. மனிதரிடம் நடந்த ஆய்வுகள் ஒரு திசையில் பேசவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான ஹெபாரின் ஊசியைப் பல மாதங்கள் தொடர்ந்தால் எலும்பு மெலியும் என்பது அதைவிடத் தெளிவாக நிறுவப்பட்டிருக்கிறது. இயந்திர வகைச் செயற்கை வால்வு உள்ளவருக்கு வார்ஃபரின் வகை மாத்திரைக்கு ஈடான வேறு வகை மாத்திரை இல்லை. அதை நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைட்டமின் கே கலந்த எலும்புச் சத்து மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் அவருக்கு வாங்கித் தர வேண்டாம். அவை வார்ஃபரினை முறியடித்துவிடும்.

கேள்வி: இதய ரத்தக்குழாயில் கால்சியம் படிந்திருப்பதாக என் ஸ்கேன் சொல்கிறது. எலும்பிலிருந்து கரையும் கால்சியம்தான் அங்கே போய்ப் படிகிறதா?

பதில்: அப்படி நேரடியாக இடம் மாறுவதில்லை. நடப்பது அதைவிட வியப்பானது. தமனியின் சுவரிலுள்ள தசைச் செல்களும் அவற்றுடன் வாழும் ஸ்டெம் செல் போன்ற செல்களும், நாட்பட்ட அழற்சியால் எலும்புச் செல்லின் குணத்தை மேற்கொள்கின்றன. முதல் பதிலில் சொன்ன அதே பிஎம்பி-2, கொழுப்பு படிந்த மனிதத் தமனிகளில் இருப்பதை 1993இலேயே கண்டிருக்கிறார்கள். சில நோயாளிகளின் வால்வுகளிலும் தமனிகளிலும், மஜ்ஜை உள்பட உண்மையான எலும்பே உருவாகியிருப்பதை நோய்க்குறியியலாளர்கள் நுண்நோக்கியில் பார்க்கிறார்கள்.

இதைத் தடுக்கும் காவலும் தமனியில் உண்டு. எம்ஜிபி என்ற புரதம் அது. வைட்டமின் கே இருந்தால்தான் வேலை செய்யும். 1997இல் அந்தப் புரதம் இல்லாமல் பிறக்கும்படி செய்த சுண்டெலிகளின் தமனிகள் கெட்டியாகி வெடித்து, அவை இரண்டு மாதத்துக்குள் இறந்தன. ஸ்டாட்டின் சாப்பிடுவோரின் கால்சிய அளவு ஸ்கேனில் சற்றுக் கூடுவதும் உண்டு. கண்டு அஞ்ச வேண்டாம். மிருதுவாக இருந்து எளிதில் வெடிக்கக்கூடிய கொழுப்புத் திட்டு இறுகி நிலைபெறுவதன் அடையாளமாகவே அதைக் கருதுகிறார்கள். ஓர் எண் ஏறியதற்காக, மாரடைப்பைத் தடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையை விடுவது தவறு.

கேள்வி: இதய மருந்து எலும்பை என்ன செய்யும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எலும்பு மருந்து இதயத்தை ஏதாவது செய்யுமா?

பதில்: ஒரு மருந்தைக் குறிப்பிட்டுச் சொல்லியாக வேண்டும். ரோமோசோசுமாப் என்ற ஊசி மருந்து, எலும்பாக்கத்துக்குத் தடைபோடும் ஸ்க்ளெரோஸ்டின் என்ற புரதத்தைக் கட்டிப்போடுகிறது. தடை விலகியதும் எலும்பாக்கும் செல்கள் சுறுசுறுப்படைந்து எலும்பு விரைவாகக் கூடுகிறது. எலும்பில் அது செய்வதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அலெண்ட்ரோனேட்டுடன் ஒப்பிட்ட ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் ரோமோசோசுமாப் குழுவில் சற்று அதிகமாகத் தெரிந்தன. 2019இல் அமெரிக்காவில் அனுமதி அளித்தபோதே, கடந்த ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இதைத் தொடங்கக் கூடாது என்ற எச்சரிக்கையைப் பெட்டி கட்டி அச்சிடச் சொன்னார்கள். முதல் கேள்வி கேட்ட வாசகி உள்பட, இதய நோய் உள்ள எவரும் எலும்பு மருத்துவரிடம் போகும்போது டெக்ஸா அறிக்கையுடன் இதய மாத்திரைச் சீட்டையும் ஸ்டென்ட் வைத்த தேதி உள்ள மருத்துவமனைச் சுருக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.